மே மாதத்தில் எடுக்கும் முடிவு: பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாற்றும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

நேற்றுப் போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து 441 வாங்கியிருக்கிறாள். அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. எப்படியும் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். இந்த நேரம் பார்த்து டவுனில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீட்டுக்கே வந்து, "400க்கு மேல எடுத்த பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது, நீட் கோச்சிங்கும் சேர்த்துத் தர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியிலோ இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலி என்று யாரோ சொன்னார்கள். "ரெண்டு வருஷம்தானே, பிரைவேட்ல போட்டுடலாமா?" என்று கேட்டீர்கள்.

அந்த இரண்டு வருஷத்தில்தான் எல்லாமே இருக்கிறது, சகோதரி.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு எம்.பி.பி.எஸ். சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாகச் சுமார் 400 பேருக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 2021இல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. உங்கள் மகள் ஐந்து வருஷம் சம்பாதித்து வைத்திருக்கிற தகுதி அது. ஜூன் மாதத்தில் தனியார் பள்ளி வாசலை மிதித்த நாளோடு போய்விடும். பிளஸ் டூவில் திரும்பி வந்தாலும் கிடைக்காது. 400 எடுத்த பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு வேண்டியது அடுத்தடுத்த ஆண்டு ஃபிளெக்ஸ் பேனரில் ஒரு போட்டோ.

"ஃபீஸ் கிடையாது" என்பதையும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பஸ் கட்டணம், ஹாஸ்டல், கோச்சிங் மெட்டீரியல், ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் இலவசம் என்று சேர்த்த பையனுக்கு முதல் பருவம் முடிவதற்குள் நாற்பதாயிரம் போயிருந்தது.

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது என்றீர்கள். நல்ல பள்ளியாகவே இருக்கலாம். ஆனால் எய்டட் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. இந்தக் குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இப்போது உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. அதனால் 7.5 சதவீதமும் இருக்கும் என்று பெற்றோர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், உங்கள் திண்டுக்கல் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் ஆகியவை அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். எய்டட் வராது.

சரி, இயற்பியல் ஆசிரியர் விஷயம். உங்கள் பயம் நியாயமானது. அதைச் சும்மா தட்டிவிட மாட்டேன். ஆனால் மே மாதத்தில் காலி என்று கேள்விப்படுவது ஜூலையிலும் காலியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆசிரியர்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வு நடக்கும். அதன் பிறகும் நிரம்பாத இடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர் போடுவதுண்டு. நேரே போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். "போன வருஷம் ஃபிசிக்ஸ் யார் எடுத்தாங்க, இந்த வருஷம் யார் எடுப்பாங்க, பிளஸ் டூவுல அந்தப் பாடத்துல எத்தனை பேர் ஃபெயில்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போங்கள், அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியாகவும் இருக்கலாம். அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாறினால் தகுதிக்கு ஒரு பங்கமும் இல்லை. பஸ் பாஸ் இலவசம். பிளஸ் ஒன்னில் சைக்கிளும் தருகிறார்கள்.

இன்னொன்று. 2017-18இல் கொண்டுவந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை இப்போது எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது உண்மை. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு நேரே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்குக் கவலை. நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் பிளஸ் டூ பாடமும் சேர்ந்தே வரும். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் தீபாவளிக்கு முன் அவளுடைய பிளஸ் ஒன் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அந்தப் பாடமெல்லாம் உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்றீர்கள். எத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள் என்று எண்ணத் தெரியும் அல்லவா?

குரூப் பற்றி. எதிர் வீட்டுப் பிள்ளை பயோ-மேத்ஸ் எடுத்தது என்பதற்காக இவளும் எடுக்க வேண்டாம். கணக்கில் 91, அறிவியலில் 84 என்றால் அவளால் முடியும், அது வேறு விஷயம். ஃபர்ஸ்ட் குரூப் என்கிற இந்தப் பயோ-மேத்ஸ் எடுத்தால் இன்ஜினியரிங், மெடிக்கல் இரண்டு கதவும் திறந்திருக்கும், ஆனால் நான்கு கனமான பாடம். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்குக் கணக்கு. அதில் 100 கணிதத்துக்கே, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது. உங்களோடு போனில் பேசும்போது பின்னாலிருந்து அவள் "நர்சிங்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பி.எஸ்சி. நர்சிங் போக உயிரியல் உள்ள குரூப் வேண்டும், கணிதம் கட்டாயமில்லை. அதை நிஜமாகவே சொன்னாளா, பயோ-மேத்ஸ் பயத்தில் சொன்னாளா என்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் இன்னும் நல்லது.

திங்கட்கிழமை பழைய பள்ளிக்குப் போய் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கும்போது எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), பிறந்த தேதி, இனிஷியல், சாதிப் பெயர் எல்லாம் சாதிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிறகு திருத்த அலைவது பெரிய தொல்லை. ஆறிலிருந்து பத்து வரை அங்கே படித்ததற்கான போனஃபைட் சான்றிதழும் அன்றே கேட்டு வாங்குங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு அவள் பெயரில் இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். மேல்நிலைப் பள்ளியில் விண்ணப்பம் கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், ஃபர்ஸ்ட் குரூப் இடம் சீக்கிரம் முடிந்துவிடும்.

தலைமை ஆசிரியர் அந்த மூன்றாவது கேள்விக்கு என்ன சொன்னார் என்று மட்டும் எனக்குப் போன் பண்ணுங்கள்.