மகள் வீட்டுக் குளிருக்கு என்ன வாங்கிப் போவது?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் நர்ஸ் வேலை பார்க்கிறாள். டிசம்பர் கடைசியில் அவளுக்குப் பேறுகாலம். நான் நவம்பரிலேயே போகிறேன். வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, ஆனால் "பில்லப் பாத்தா எனக்குக் காய்ச்சல் வருதும்மா" என்று சொல்லி அதிகம் போட மாட்டார்களாம். எனக்கு வயது 62. மார்கழி மாதம் விடியக்காலையில் கோயிலுக்குப் போகவே மப்ளர் கட்டுகிறவள் நான். குளிருக்கு இங்கிருந்து என்னென்ன வாங்கிப் போகலாம்? பெரிய கம்பளி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, கருங்கல்

பதில்: அந்தப் பெரிய கம்பளியை வாங்க வேண்டாம் அம்மா. பெட்டியில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். அங்கே கட்டிலுக்கு ஆளுக்கொரு 'டூவே' இருக்கும், பஞ்சு அடைத்த தடித்த போர்வை. படுத்த பிறகு உங்களுக்குக் குளிராது. பகலில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அடுக்களையில் நிற்கும்போதும்தான் குளிரும். அதற்குத் தகுந்தபடி வாங்குங்கள்.

முதலில் தெர்மல் உள்ளாடை, மேலுக்கும் காலுக்கும் சேர்த்து மூன்று செட். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். "கொஞ்சம் லூசாக இருக்கட்டும்" என்று பெரிய சைஸ் எடுத்தால் பயனில்லை. வெறும் பருத்தியில் எடுக்காதீர்கள். பருத்தி வேர்வையையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும். பாலியெஸ்டர் கலந்ததோ கம்பளி கலந்ததோ நல்லது. அதன்மேல் உங்கள் வழக்கமான நைட்டியோ சுரிதாரோ, அதற்கு மேலே முன்பக்கம் ஜிப் வைத்த ஒரு ஸ்வெட்டர். தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் வேண்டாம், அடுக்களையில் வேர்த்தால் சட்டென்று கழற்ற முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும்போது நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அதனால் தடித்த ஒன்றைவிட மெலிந்த மூன்று மேல்.

காலை மறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பழகியவர்கள் நாம். அங்கே சமையலறைத் தரை நம்மூர் கிரானைட் தரையைவிட மோசம். கம்பளிச் சாக்ஸ் நான்கு ஜோடியும், அதன்மேல் போட அடிப்பாகம் வழுக்காத வீட்டுச் செருப்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் மட்டும் போட்டு மாடிப்படி இறங்க வேண்டாம். அந்த ஊர் வீடுகளில் படி செங்குத்தாக இருக்கும்.

இனி சூட்டுத் தண்ணீர்ப் பை. நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கிறதுதான், ஆனால் இதை அங்கே போய் வாங்குங்கள். பிரிட்டனில் விற்கும் பையின் கழுத்தருகே சின்னதாக ஒரு பூ அச்சிட்டிருக்கும். நடுவில் இருக்கும் எண் அது செய்யப்பட்ட வருடம், சுற்றியுள்ள பன்னிரண்டு இதழும் மாதங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தினால் மாற்றிவிட வேண்டும். இது எனக்குச் சூடு பட்டுத் தெரிந்த விஷயம். சித்தப்பா மகன் கொண்டுவந்து தந்த பை ஒன்று வருடக்கணக்கில் எங்கள் அலமாரியில் கிடந்தது. ஒரு மழை நாளில் முதுகு வலிக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்துக்கொண்டு படுத்தேன். தையல் ஓரம் விட்டு, மெத்தையும் என் இடுப்பும் நனைந்தன. பிறகு பூவைப் பார்த்தால் நடுவில் 14. ரப்பர் விளையும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு ரப்பர் பழசானால் வெடிக்கும் என்று தெரியாமல் போனது என் தப்புதான். கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு முக்கால் பைக்கும் குறைவாக ஊற்றுங்கள். காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். உறை இல்லாமல் தோலில் வைக்காதீர்கள். சோபாவில் மடியில் ஒன்று, மேலே ஒரு சால்வை. அறை முழுக்கச் சூடாக்குகிற செலவில்லாமல் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பிளக்கில் சொருகிச் சூடேற்றும் ஜெல் பை ஆன்லைனில் மலிவாக வருகிறது. தண்ணீரையும் கரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, வேண்டாம்.

இப்போது மகளிடம் சொல்ல வேண்டியது. மிச்சம் பிடிப்பது சரி, ஆனால் வீட்டில் 62 வயதுப் பெண்ணும் பச்சைப்பிள்ளையும் இருக்கும்போது அறை 18 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் குளிர் நாட்டு வீடுகளுக்குச் சொல்லும் அளவு அது. 18-ல் நிறுத்திவிட்டு, அதற்குமேல் ஏற்றாமல் இருக்கத்தான் இந்த ஸ்வெட்டரும் பையும்.

ஹீட்டிங் செலவுக்குப் பயந்து பேன் ஹீட்டர் வாங்கியிருந்தால் அதைக் கட்டி மேலே போடச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் ரேடியேட்டர், அதாவது சுவரோரம் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை, கேஸ் பாய்லரில் ஓடுகிறது. ஒரு யூனிட் கரண்டின் விலை ஒரு யூனிட் கேஸைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பஸ் காசை மிச்சம் பிடிக்க ஆட்டோ ஏறின கதை. 'பிரைஸ் கேப்' என்று அரசு விலைக்கு வரம்பு வைத்திருக்கிறது என்பார்கள். அந்த வரம்பு யூனிட் விலைக்கும் தினசரி நிலைக் கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு அல்ல. எரித்தால் எரித்ததற்குக் கட்டத்தான் வேண்டும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். அப்போதே திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். திரை ரேடியேட்டருக்கு முன்னால் தொங்காமல் அதன் பின்னால் போகட்டும், இல்லையென்றால் சூடெல்லாம் கண்ணாடிக்குப் போய்விடும். சோபாவை ரேடியேட்டரோடு ஒட்டிப் போட்டிருந்தால் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். வாசல் கதவின் அடியில் காற்று வரும் இடத்துக்குப் பழைய வேட்டியை நீளக் குழாயாகத் தைத்து, துணி அடைத்து வைத்துவிடலாம். ஆனால் ஜன்னல் மேலே இருக்கும் சின்னக் காற்றுத் துவாரத்தையும் பாய்லர் பக்கத்துத் துவாரத்தையும் அடைக்காதீர்கள். அது வாடகை வீடு என்றால், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்தால் ஒலிக்கும் அலாரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் அதை வைத்துத் தருவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

நீங்கள் போனதும் வீட்டில் சோறு வடிப்பதும் குழந்தைத் துணி காயப்போடுவதும் ஆரம்பமாகும். அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் சுவரில் படிந்து கறுப்புப் பூசணம் பிடிக்கும். ஐப்பசி மழையில் நம் வீட்டு அலமாரியில் வருகிற அதே மக்கல் வாடை. பானையை மூடிச் சமையுங்கள், எக்ஸாஸ்ட் பேனைப் போடுங்கள், தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து விடுங்கள். "குளிருக்குள்ள எதுக்கு ஜன்னல்" என்று மருமகன் கேட்பார். ஈரக் காற்றைச் சூடாக்கத்தான் அதிகச் செலவு என்று சொல்லுங்கள்.

கடைசியாகப் பிள்ளை. இங்கேதான் உங்களுக்கும் அந்த ஊர் நர்ஸுக்கும் சண்டை வரும். பிள்ளைக்குத் தொப்பி மாட்டி, மூன்று துணி சுற்றி, பக்கத்தில் சூட்டுப் பையும் வைக்க உங்கள் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். பச்சைப்பிள்ளை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும் என்பது அங்கே சொல்லும் கணக்கு. பிள்ளை அளவுக்கு மீறிச் சூடாவதுதான் ஆபத்து. வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி கூடாது. சூட்டுப் பை, மின்போர்வை எதுவும் தொட்டில் பக்கம் வரவே கூடாது. தளர்வான போர்வைக்குப் பதில் பிள்ளையை நுழைத்து ஜிப் போடும் தூக்கப் பை விற்கிறார்கள். அதில் எவ்வளவு கதகதப்பு தரும் என்று காட்டும் 'டோக்' என்ற ஓர் எண் இருக்கும், அந்த அறைச் சூட்டுக்கு 2.5 டோக். கையும் காலும் ஜில்லென்று இருப்பது சகஜம். நெஞ்சிலோ பிடரியிலோ தொட்டுப் பாருங்கள், அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. நெய், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள். பால் பொருட்களை இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் பயணப் பெட்டியில் கொண்டுபோக அனுமதியில்லை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கருப்பட்டியும் சுக்கும் போதும். அந்தக் குளிருக்கு அதைவிடக் காப்பி வேறென்ன இருக்கிறது?

கேள்வி: "நூறு சதவீதம் உல்லன்" என்று சொல்லித்தான் கடையில் போர்வை தந்தார்கள். ஒரே சலவையில் மேலெல்லாம் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. கேட்டால் பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
— வடசேரி வாசகர்

பதில்: திரண்டதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, நல்ல கம்பளியும் கொஞ்சம் திரளும். ஓரத்தில் ஒரு நூலை உருவி, ஒரு தட்டில் வைத்துத் தீப்பெட்டியால் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் மெதுவாகக் கருகும், தலைமயிர் எரிந்த நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும். மிஞ்சுகிற சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும், நசுங்காது. கலப்பு நூலில் இரண்டும் கலந்து வரும்.

அக்ரிலிக் மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்துக் குளிருக்கு அதுவே போதும், துவைக்கவும் எளிது. கம்பளி விலைக்கு அதை விற்பதுதான் குற்றம்.

பில்லில் அச்சடித்த வாசகத்துக்கு மதிப்பில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிகம். பில், லேபிள், உருவிய நூல் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. அசையவில்லை என்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கும் பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு போர்வைக்காக அவ்வளவு தூரம் போவதா என்று தோன்றலாம். என் அனுபவத்தில் 1915-ல் பதிவு செய்தேன் என்று சொன்னவுடனேயே பாதிக் கடைக்காரர்கள் இறங்கி வருகிறார்கள்.

கேள்வி: நாங்கள் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு இளைப்பு உண்டு, தை மாதம் வரை ராத்திரிக் குளிர் அவருக்கு ஆகாது. 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று சலுகை விலையில் வருகிறது, வாங்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் இரும்புச் சட்டியில் கரி போட்டு வைத்தால் போதும் என்கிறார்.
— ஒரு வாசகர்

பதில்: கரிச் சட்டியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். கதவடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மலைவாசஸ்தலங்களில் அறைக்குள் அடுப்புக் கரி வைத்துப் படுத்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்தி நாளிதழில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இளைப்புக்காரருக்கு அந்தப் புகையே போதும்.

ஹீட்டர் கணக்கு இது. 2000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். ராத்திரி எட்டு மணி நேரத்துக்குப் பதினாறு. மின்வாரியம் கணக்கெடுக்கிற இரண்டு மாதத்துக்கு 960 யூனிட். யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய எஸ்டேட் வீட்டு வயரிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்பது வேறு. ஓட்டு வீடு என்றால் சூடு முழுவதும் ஓட்டுச் சந்து வழியாக மேலே போய்விடும், காட்டுக்குத்தான் ஹீட்டர் போட்டது போலாகும்.

உங்கள் பக்கத்தில் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. அப்பா தரையில் பாய் போட்டுப் படுக்கிறாரா? கட்டிலுக்கு மாற்றுங்கள். உடம்புச் சூடு கீழ்ப்பக்கமாகத்தான் அதிகம் போகும், மேலே எத்தனை போர்த்தினாலும் அது நிற்காது. கயிற்று மெத்தை என்றால் நல்லது. இல்லையென்றால் பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மேலே ஒரு சமுக்காளம் மடித்துப் போடுங்கள். கம்பளி ஒன்றுக்குப் பதில் மெலிந்த போர்வை இரண்டு. வெயில் வரும் நாளில் படுக்கையைத் தவறாமல் உலர்த்துங்கள். தலைக்கும் காதுக்கும் குல்லா, காலுக்குச் சாக்ஸ். படுப்பதற்கு அரை மணி முன்பு சூட்டுத் தண்ணீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். சர்க்கரை வியாதி இருந்து கால் மரத்துப் போயிருந்தால் காலோடு ஒட்டி வைக்கவே கூடாது, சுட்டாலும் அவருக்குத் தெரியாது. மூச்சு முட்டல் ராத்திரியில் கூடுகிறது என்றால் அது போர்வை விஷயமில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மின்சாரத்தில் ஏதாவது வேண்டும் என்றால், சுமார் 60 வாட் எடுக்கும் ஹீட்டிங் பேட் வாங்குங்கள். இரண்டு மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் எட்டில் ஒரு பங்குதான். தானாக அணையும் டைமர் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பொருளாக இருந்தால் அதன் அடியில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்த்தால் முத்திரை அசலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகனுக்கு இங்கிருந்து மின்போர்வை வாங்கி அனுப்பலாமா?
— குலசேகரம் வாசகி

பதில்: வோல்டேஜ் ஒத்துவரும், பிளக் ஒத்துவராது. நம்முடையது உருண்டை முள், அவர்களுடையது சதுர முள், உள்ளே தனி பியூஸ் வைத்தது. அடாப்டர் சொருகி ராத்திரி முழுக்க உடம்புக்கு அடியில் ஒரு மின்பொருளை ஓடவிட எனக்கு மனம் வராது. பணமாக அனுப்புங்கள், அவர் அங்கேயே வாங்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் பிடிக்கவில்லை என்று திருப்ப, பொருள் கைக்கு வந்து 14 நாள் வரை அவகாசம் உண்டு. பழுது என்றால் 30 நாளுக்குள் முழுப் பணமும் கேட்கலாம். நீங்கள் வேண்டுமானால் பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்து ஒரு மெத்தை விரிப்பு அனுப்பி வையுங்கள். அதற்கு பிளக் வேண்டாம்.