பல்லவியை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஐயா,

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் பிரம்மாவைப் பற்றி வரும் இடங்களைத் தேடிப் படித்தேன். 489ஆம் பக்கத்தில் குருநானக், "நாபிக்கமலத்தில் பிறந்து வேதம் ஓதிய பிரம்மாவாலும் அவன் எல்லையைக் காண முடியவில்லை, வருவதும் போவதுமாகப் பிறவி இருளிலேயே கிடந்தார்" என்கிறார். நம் அடிமுடிக் கதை போல இதுவும் பிரம்மாவை மட்டம் தட்டுவதுதானே? சீக்கியர்கள் பிரம்மாவை ஏற்கிறார்களா, மறுக்கிறார்களா?

கே.

அன்புள்ள கே.,

வழிபடும் தெய்வமாக ஏற்பதில்லை. கிரந்தத்தின் தொடக்க வரிகளான மூல மந்திரத்திலேயே படைப்பவனுக்குக் 'கர்த்தா புரக்' என்ற பெயர் வந்துவிடுகிறது. அவன் ஒருவன், பிறப்பில்லாதவன். மாரூ ராகத்தில் படைப்புக்கு முந்தைய இருளைப் பாடும் நானக், அப்போது பிரம்மா, விஷ்ணு, மகேசன் யாருமே இல்லை, அந்த ஒருவன்தான் இருந்தான் என்கிறார். அடிமுடிக் கதையை இங்கே இழுக்க வேண்டாம். அது சிவனின் பெருமைக்காகச் சொன்னது, வேறு வழக்கு.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். நீங்கள் எடுத்தெழுதிய பாடலில் ரஹாவ் வரி எங்கே? கிரந்தத்தின் பெரும்பாலான பாடல்களில் 'ரஹாவ்' என்று குறித்த வரி ஒன்று இருக்கும். கீர்த்தனத்தில் ராகிகள், அதாவது பாடகர்கள், எவ்வளவு தூரம் போனாலும் அந்த வரிக்குத் திரும்பி வருவார்கள். நம் பல்லவி மாதிரி. பல்லவியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு சரணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வழக்காட வந்தால் எப்படி? இந்தப் பாடலின் ரஹாவ் இதுதான்: "அன்பனே, என் உயிருக்கு ஆதாரமே, உன்னை எப்படி மறப்பேன்?"

இப்போது பிரம்மா வரியை மறுபடி படியுங்கள். அங்கே யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை. பிரம்மாவுக்கே எட்டாதவன், சூரிய சந்திரரை விளக்காக வைத்திருப்பவன், அவனைப் போய் மறப்பேனா என்று ஒருவர் உருகுகிறார். 224ஆம் பக்கத்தில் பிரம்மாவின் கர்வத்தைச் சொல்லும் வரியும் உண்டு, மறைக்கவில்லை. அதையும் அதன் பாடலுக்குள் வைத்தே படியுங்கள். ஒற்றை வரிகளைப் பொறுக்கி எடுத்து 'ஏற்பு', 'மறுப்பு' என்று முத்திரை குத்தும் பழக்கம் நம்மைப் படிக்கத் தெரியாதவர்களாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. உங்களைப் போல அக்கறையோடு தேடுகிறவரும் அதைச் செய்யும்போது எனக்கு வலிக்கிறது.

பல வருடங்களுக்கு முன் டெல்லி பங்களா சாகிப் குருத்வாராவில், எல்லோருக்கும் இலவச உணவு தரும் லங்கரின் சமையற்கட்டில் ஒரு மாலை ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் மாலைப் பிரார்த்தனையான ரெஹ்ராஸ் தொடங்கியது. பக்கத்தில் இருந்த பாட்டியம்மா, முழங்கை வரை மாவு, தேய்க்கும் கட்டையை நிறுத்தாமல் கூடவே முணுமுணுத்தார். 'சோ தர்' பகுதி. உன் வாசல் எப்படிப்பட்டது, எங்கே அமர்ந்து எல்லாவற்றையும் காக்கிறாய் என்று கேட்டுவிட்டு, அங்கே பாடுகிறவர்களை வரிசையாகச் சொல்வது. காற்று, நீர், நெருப்பு பாடுகின்றன. தர்மராஜன் பாடுகிறான், சித்திரகுப்தன் பாடுகிறான். அடுத்து "ஈசர், பர்மா, தேவி" என்று காதில் விழுந்ததும் என் கை நின்றுவிட்டது.

"பர்மா என்றால் பிரம்மாவா, மாதாஜி?" என்றேன்.

"ஆமாம் பேட்டா. அவரும் வாசலில் நின்று பாடுகிறார்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த உருண்டையை என் பக்கம் தள்ளிவிட்டார். வரிசை போய்க்கொண்டே இருந்தது. இந்திரன், சித்தர்கள், பண்டிதர்கள், வீரர்கள், அண்டங்கள். கடைசியில் நானக், இன்னும் எத்தனை பேர் பாடுகிறார்களோ, அத்தனையும் என் நினைவுக்கு வரவில்லை என்கிறார். பாட்டியம்மா அந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். தோசைக்கல்லை விடப் பத்து மடங்கு பெரிய தவாவில் நான் தேய்த்த ரொட்டி உப்பிக்கொண்டிருந்தது.