ஃப்ரீஸரில் ரீசெட் ஆவது பற்றி

வானுயரத்துக்குப் பலூனில் அனுப்பப் போகும் கருவிப் பெட்டியைக் குளிருக்குச் சோதிக்க ஃப்ரீஸரில் வைத்தால், 25 நிமிடம் போனதும், ரேடியோ தகவல் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அது ரீசெட் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். புரோகிராமை இன்னும் கிளறாதீர்கள், எனக்குப் பற்றரி மேல்தான் சந்தேகம். குளிரில் லித்தியம் அயன் பற்றரியின் உள்தடை ஏறிவிடும். ரேடியோ திடீரென்று கரண்ட் இழுத்ததும் வோல்டேஜ் சரியும், சர்க்யூட் போர்ட் படுத்துவிடும். மல்டிமீட்டர் வயரைக் கதவிடுக்கால் வெளியே எடுத்து, அனுப்பும் அந்த நொடியில் முள் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். டிஜிட்டல் மீட்டரை விட பழைய முள் மீட்டரில் அது நன்றாகத் தெரியும்.

சார்ஜ் பண்ண முடியாத ஏஏ லித்தியம் பற்றரி −40 பாகை வரை தாங்கும், அதற்கு மாறுங்கள். ரெஜிஃபோம் பெட்டிக்குள் பற்றரியையும் போர்டையும் ஒட்டி வைத்தால் போர்டின் சூடே பாதி வேலையைச் செய்யும். வீட்டு ஃப்ரீஸர் வெறும் −18தான். கொழும்புக்கு மேலே 17 கிலோமீட்டரில் −80க்குக் கிட்ட வரும். கடைசிச் சோதனையை உலர்பனியில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) செய்யுங்கள், அதன் வாயு அறையில் தேங்காமலிருக்க ஜன்னலைத் திறந்து வைத்து.

அப்புறம், வெளியே எடுத்த உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் போர்ட் முழுக்க வியர்த்துவிடும். என்னுடைய அமுக்க சென்சர் ஒன்று அப்படித்தான் போனது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் மூடி, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள்.

உங்கள் ஜிபிஎஸ் யூ-பிளாக்ஸ் கம்பனியுடையது என்றால், உயரே பறக்கும் கருவிகளுக்கான பறப்பு மோடுக்கு (airborne) மாற்றினீர்களா? இல்லாவிட்டால் 12 கிலோமீட்டர் உயரத்தோடு நின்றுவிடும்.