170 மீட்டர் கேபிளில் கேமரா படம் ஏன் ஸ்டக் ஆகிறது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. வீட்டிலிருந்து மோட்டார் ரூம் 170 மீட்டர் தூரம். போன மாதம் கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் இழுத்து அங்கே ஒரு ஐபி கேமரா போட்டோம். படம் வருகிறது, ஆனால் அடிக்கடி ஸ்டக் ஆகிறது. மோட்டார் போட்டால் சுத்தமாக நின்றுவிடுகிறது. போட்டவர், "பூஸ்டர் வைத்துப் பவரைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்கிறார். கடைக்காரர், "நெட்வொர்க் சுவிட்சில் எக்ஸ்டெண்ட் பட்டனைப் போடுங்கள், 250 மீட்டர் போகும்" என்கிறார். டிஜிட்டல் சிக்னல் என்றால் வெறும் 0, 1 தானே? அதற்கு ஏன் தூரக் கணக்கு?

பதில்: இன்றைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொன்னபடி எக்ஸ்டெண்ட் பட்டனைப் போட்டுப் பாருங்கள். ஒற்றைக் கேமராவுக்கு அது வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. பவரைக் கூட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அந்த 170 மீட்டரை ஃபைபருக்கு, அதாவது ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிளுக்கு, மாற்றிவிடுங்கள். ஏன் என்று இனி பார்ப்போம்.

கேமராவின் சிப்புக்குள் 0, 1 இருப்பது உண்மை. ஆனால் கேபிளில் 0, 1 போவதில்லை. போவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். செம்புக் கம்பிக்கு டிஜிட்டல், அனலாக் என்ற வேறுபாடெல்லாம் தெரியாது. அந்த முனையில் ஒருவிதமாக ஏற்றி இறக்குகிறோம், இந்த முனையில் உள்ள சிப் வந்து சேர்ந்த அலையைப் பார்த்து "இது என்னவாக அனுப்பப்பட்டிருக்கும்?" என்று ஒவ்வொரு துடிப்புக்கும் தீர்ப்புச் சொல்கிறது. டிஜிட்டல் என்பது அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

உங்கள் கேமராவின் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அதாவது நொடிக்கு 10 கோடி பிட் (0 அல்லது 1). அது ஒவ்வொரு 4 பிட்டையும் 5 பிட்டாக மாற்றிக்கொள்கிறது. நீளமாக ஒரே மாதிரி 0 வந்து, பெறும் சிப் நேரக் கணக்கைத் தவறவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆக, நொடிக்கு 12.5 கோடி துடிப்புகள். அவற்றை மேல், நடு, கீழ் என்று மூன்று மின்னழுத்த நிலைகளில் அனுப்புகிறது: சுமாராக +1 வோல்ட், 0, -1 வோல்ட். ஒரு துடிப்பின் ஆயுள் 8 நானோ நொடி. கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது, அதாவது ஒரு நானோ நொடிக்கு 20 செ.மீ. அப்படியென்றால் ஒரு துடிப்பு கேபிளில் 1.6 மீட்டர் நீளம் பிடிக்கும். உங்கள் 170 மீட்டரில் எந்த நேரத்திலும் நூறுக்கும் மேற்பட்ட துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் துடிப்பு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நூறாவது துடிப்பு மோட்டார் ரூமிலிருந்து கிளம்பிவிடுகிறது.

இந்த ஓட்டத்தில் இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன. ஒன்று, சிக்னல் மெலிகிறது. இதை எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். இரண்டாவதுதான் முக்கியம்: எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் மெலிவதில்லை. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் (நொடிக்கு 10 கோடி அதிர்வுகள்) செம்பில் அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. பாதை குறுகினால் தடை கூடும், இழப்பு கூடும். நல்ல கேட் 6 கேபிளுக்குத் தரநிலை அனுமதிக்கும் இழப்பை வைத்து 170 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது: 10 மெகாஹெர்ட்ஸ் அலை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 100 எம்பிபிஎஸ் சிக்னலுக்கு முக்கியமான 31 மெகாஹெர்ட்ஸ் எட்டில் ஒரு பங்காகும். 100 மெகாஹெர்ட்ஸ் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். ஒரு துடிப்பின் கூர்மையான விளிம்பை உருவாக்குவது இந்த உயர் அதிர்வெண்கள்தான். அவை வழியிலேயே தொலைந்துவிட்டால் துடிப்பு மழுங்கி, அகன்று, பக்கத்துத் துடிப்பின் இடத்துக்குள் வழிந்துவிடும்.

கல் மண்டபத்தில் நின்று வேகமாகப் பேசினால் எதிரொலியில் ஒரு சொல் இன்னொரு சொல்லின் மேல் விழுந்து எதுவும் புரியாது. உரக்கக் கத்தினால் எதிரொலியும் சேர்ந்து உரக்கும். நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் புரியும். கேபிளிலும் அப்படித்தான். பவரைக் கூட்டினால் மழுங்கிய துடிப்பு பெரிய மழுங்கிய துடிப்பாக வரும், அவ்வளவுதான்.

பவரைக் கூட்டிப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1858-இல் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கேபிளைப் போட்டார்கள். துடிப்புகள் மறுகரையில் இழுபட்டு, ஒன்றோடொன்று கலந்து வந்தன. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. கேபிளின் மின்பொறுப்பாளராக இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் சுமார் 2000 வோல்ட் வரை ஏற்றினார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கேபிள் சில வாரங்களில் செத்தே போனது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் வேறு விதமாக யோசித்தார்: கேபிளின் செம்பைத் தடிமனாக்கு, பெறும் முனையில் மிக மெல்லிய சிக்னலையும் காட்டும் கருவியை வை. 1866-இல் போட்ட கேபிள் நிமிடத்துக்குச் சுமார் 8 சொல் அனுப்பியது.

ஏன் பவரால் பெரிதாக ஆகாது என்பதற்கான கணக்கை 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் எழுதிவிட்டார். ஒரு பாதை தாங்கக்கூடிய பிட் வேகம் இரண்டைச் சார்ந்தது: அந்தப் பாதை எவ்வளவு அகலமான அதிர்வெண்களை விடுகிறது, சிக்னல் இரைச்சலைவிட எத்தனை மடங்கு பெரிது. அகலத்தை இரட்டிப்பாக்கினால், அந்த மடங்கு மாறாதவரை, வேகமும் இரட்டிப்பாகும். ஆனால் சிக்னல் இரைச்சலைப் போல் 1000 மடங்கு இருக்கும்போது அதை 2000 மடங்காக்கினால் கிடைக்கும் கூடுதல் வேகம் பத்து சதவீதம்தான். பவருக்குக் கொடுக்கும் விலைக்கு அது மிகக் குறைந்த கூலி.

சரி, இப்போது எக்ஸ்டெண்ட் பட்டனுக்கு வருவோம். அது மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. அந்தப் போர்ட்டை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்குகிறது. அந்த வேகத்தில் சிக்னலின் பெரும்பகுதி 10 மெகாஹெர்ட்ஸுக்கு உள்ளேயே அடங்கிவிடும், நிலைகளும் மூன்றல்ல, இரண்டே. மேலே சொன்ன கணக்கில் 10 மெகாஹெர்ட்ஸ் மூன்றில் ஒரு பங்காகத்தானே குறைகிறது? பெறும் சிப் அதைத் தாராளமாகப் படித்துவிடும். 2 மெகாபிக்சல் கேமராவை ஹெச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் வைத்தால் 2 எம்பிபிஎஸ் போதும், 4 மெகாபிக்சலுக்கு 4. பத்துக்குள் வசதியாக அடங்கும். சில சுவிட்சுகளில் அந்தப் பட்டன் எல்லாக் கேமரா போர்ட்டுகளையும் சேர்த்து இறக்கிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: 100 மீட்டர் என்பது தரநிலையின் உத்தரவாதம். அதற்கு மேல் போவதெல்லாம் கேபிளின் தரம், சிப்பின் தரம் இவற்றைப் பொறுத்தது. 250 என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

மோட்டார் போட்டால் நிற்பது ஏன்? கேபிளுக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகள் இருக்கின்றன. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் நேரெதிர் மின்னழுத்தம் ஓடும்; பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசத்தில் அது அடிபட்டுப்போகும். கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ரத்து முழுமையானதல்ல. ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் அடிக்கும்போது வரும் இரைச்சலில் மிச்சம் கொஞ்சம் உள்ளே நுழையும். 50 மீட்டர் கேபிளில் அந்த மிச்சத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உங்கள் கேபிளில் சிக்னலே எட்டில் ஒரு பங்காக வந்து சேர்கிறதே, அங்கே அந்தக் கொஞ்சமே தீர்ப்பைப் புரட்டிவிடும். த்ரீ பேஸ் வயரையும் கேமரா கேபிளையும் ஒரே பைப்பில் விட்டிருந்தால் உடனே பிரித்துவிடுங்கள், குறைந்தது ஓர் அடி இடைவெளியில். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

தீர்ப்பு தவறினால் என்ன ஆகும்? தகவல் பாக்கெட் என்ற சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது; ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. ஒரே ஒரு பிட் பிசகினாலும் கணக்கு ஒத்துவராது. சுவிட்ச் அந்தப் பாக்கெட்டை முழுசாகத் தூக்கிப்போட்டுவிடும். வீடியோவோ, முந்தின படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறையில் சுருக்கப்பட்டது. நடுவில் ஒன்று தொலைந்தால், அடுத்த முழுப் படம் வரும்வரை, அதாவது ஓரிரு நொடிகள், எல்லாமே கெட்டுப்போகும். பழைய அனலாக் கேமராவாக இருந்தால் மோட்டார் போடும்போது படத்தில் கோடு விழுந்திருக்கும், அவ்வளவுதான். டிஜிட்டல் கடைசிவரை பளிச்சென்று காட்டிவிட்டுத் திடீரென்று விழும். இதனால்தான் நிறையப் பேர் கேமராவே கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள்.

மாற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகள். லேப்டாப்பிலிருந்து கேமராவுக்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைக் கட்டளை) விடுங்கள், பாக்கெட் அளவை 1400 பைட் வைத்து. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரை விட்டு மோட்டாரைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பதில்கள் தவறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. அப்புறம், கேபிளின் ஒரு கம்பி முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தரநிலை அதை ஏற்பதே இல்லை. இவ்வளவு தூரத்துக்கு அந்தக் கேபிளோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேமராவுக்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. சுவிட்சிலிருந்தே 48 வோல்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் முறை) என்றால் கவலை குறைவு. நல்ல செம்பில் 170 மீட்டருக்கு 2 வோல்ட் அளவில்தான் விழும். மிச்ச ஜோடிகளில் 12 வோல்ட் அடாப்டரைக் கோர்த்து விட்டிருந்தால், அரை ஆம்பியருக்கே ஏறக்குறைய பாதி வழியிலேயே போய்விடும். பகலில் ஓடும் கேமரா இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வந்தால் காரணம் இதுதான்.

"பூஸ்டர்" பற்றி: ஈதர்நெட்டுக்கு அந்தப் பெயரில் கடையில் விற்பது பெரும்பாலும் பிஓஇ எக்ஸ்டெண்டர். அது பெருக்குவதே இல்லை. வந்த அலையைப் படித்து, 0, 1 ஆகத் தீர்மானித்து, புத்தம் புதிய துடிப்புகளாகத் திரும்ப எழுதி அனுப்புகிறது. சேர்ந்த இரைச்சல் அங்கேயே உதிர்ந்துவிடும். அனலாக்கில் செய்ய முடியாதது இது, டிஜிட்டலின் உண்மையான பலமும் இதுதான்: அது அதிக தூரம் ஓடுவதில்லை, ஆனால் சாவதற்கு முன் படித்துவிட்டால் மறுபிறவி எடுக்கும். ஆகவே எக்ஸ்டெண்டரைக் கேமரா பக்கத்தில் வைத்துப் பயனில்லை. நடுவே, 85 மீட்டரில் வைக்க வேண்டும், மழைத்தண்ணீர் புகாத பெட்டியில்.

ஆனாலும் உங்கள் தோப்புக்கு நான் ஃபைபரைத்தான் சொல்வேன். இழப்பு கிலோமீட்டருக்கே 0.35 டெசிபல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) அளவுதான். 170 மீட்டரில் இழப்பு இருக்கிறது என்றே சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய காரணம் இடி. வீட்டின் எர்த் வேறு, மோட்டார் ரூமின் எர்த் வேறு. பக்கத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் எழலாம். ஈதர்நெட் போர்ட்டில் உள்ள சிறு மின்மாற்றியின் காப்பு 1500 வோல்ட்டுக்குத்தான். செம்புக் கேபிள் அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே பாலம் போட்டுவிடும், கேமரா மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள ரெக்கார்டரும் சேர்ந்து போகும். கண்ணாடி இழை வழியாக மின்சாரம் போகாது.

சிங்கிள் மோட் ஃபைபர், இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி). ஒற்றை இழையில் இரு திசையும் போகும் வகையாக இருந்தால் ஏ, பி என்று ஜோடியாக வரும், ஒன்று 1310 நானோமீட்டரிலும் மற்றது 1550-லும் அனுப்பும். இரண்டு ஏ வாங்கி வந்துவிடாதீர்கள். இழை ஒட்டும் மெஷின் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களிடம் இருக்கும். மோட்டார் ரூமில் எந்நேரமும் கரண்ட் இருக்குமா என்பதையும் யோசியுங்கள். த்ரீ பேஸ் வரும் நேரம் மட்டும்தான் என்றால் கன்வெர்ட்டருக்கும் கேமராவுக்கும் ஒரு சிறிய பேட்டரி ஏற்பாடு தேவைப்படும். கம்பத்தில் தொங்கவிடும் ஃபைபரில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதை வீட்டுக்குள்ளோ மோட்டார் ரூமுக்குள்ளோ கொண்டுவராமல் சுவருக்கு வெளியே வெட்டிக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபைபர் போட்டும் இடிக்குப் பழைய பாலம் அப்படியே இருக்கும்.