அச்சில் கோடு மங்குவது குறித்து

பக்கங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல், ஆவணமாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்புங்கள். கிளிநொச்சியிலிருந்து நீங்கள் அனுப்பும் சித்திரக்கதை கொழும்பில் அச்சாகும்போது மைக்கோடுகள் மங்குவதற்கும், பேச்சுக்குமிழிகளில் மெய்யெழுத்தின் புள்ளிகள் மறைந்துபோவதற்கும், அந்தச் செயலி படத்தைச் சுருக்கிவிடுவதே பெரும்பாலும் காரணம்.

அனுப்பிய படத்தை நண்பர் ஒருவரின் கைபேசியில் திறந்து, அதன் பிக்சல் அளவை மூலக் கோப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கான் செய்த ஏ4 பக்கம் ஏறத்தாழ 4960க்கு 7016 பிக்சல் இருக்கவேண்டும். வண்ணப் பக்கத்துக்கு 300 டிபிஐ போதும், கறுப்புக் கோட்டோவியத்துக்கு அது போதாது.

ஆனால், தாளைக் கைபேசியால் படம்பிடித்துத்தான் அனுப்புகிறீர்கள் என்றால் இந்த வழி முழுமையாக உதவாது. நகரிலுள்ள கொமினிகேஷன் கடையொன்றில் ஸ்கான் செய்து, மூலக் கோப்பையே பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். உழைத்து வரைந்த கோடு அப்படியே அச்சேற வேண்டும்.