உயிலா, செட்டில்மென்ட்டா? வரி, சொத்து கேள்வி-பதில்

உயிலை முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டுமா?

வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

சம்பளம் 10 லட்சம், பங்கு விற்ற லாபம் 2 லட்சம். மொத்தம் 12 லட்சம்தான், புதிய முறையில் வரி இல்லைதானே?

இருக்கிறது. 12 லட்சம் வரை வரி இல்லை என்பது தள்ளுபடியால் கிடைப்பது. பங்கு லாபத்துக்கான தனி விகித வரிக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. பங்கை எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைச் சொல்லாமல் எப்படிக் கணக்குப் போடுவது? ஓராண்டுக்கு மேல் என்றால் முதல் ஒன்றேகால் லட்சம் போக மீதிக்கு 12.5%, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்துச் சுமார் 10,000 ரூபாய். ஓராண்டுக்குள் விற்றிருந்தால் 20%, அதாவது 40,000-க்குக் கொஞ்சம் மேல்.

மனைவிக்கு 10 லட்சம் கொடுத்து அவர் பெயரில் டெபாசிட் போட்டால் வட்டிக்கு வரி யார் கட்டுவது?

நீங்கள்தான். கொடுத்த பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அதில் வரும் வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும்.

அப்பா 1994-ல் வாங்கிய மனை. அவர் 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். இப்போது நான் விற்கப் போகிறேன். எவ்வளவு வரி?

"நான்" விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா இருக்கிறாரா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் உண்டா? கடிதத்தில் ஒன்றும் இல்லை. இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய மனை என்றால் உங்கள் அம்மா, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாயார் அன்று உயிரோடு இருந்திருந்தால் அவரும், ஆளுக்கொரு சம பங்கு. கல்யாணமாகிப் போன தங்கைக்கும் பங்கு உண்டு. முதலில் வாரிசுச் சான்றிதழையும் வில்லங்கச் சான்றையும் கையில் எடுங்கள்.

இனி வரி. வாரிசாகக் கிடைத்ததற்கு வரி இல்லை, விற்கும்போது வரும் லாபத்துக்கு உண்டு. 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் வசிப்பவர் என்றால் பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5%, சரிக்கட்டலோடு 20% என இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். அவரவர் பங்கு லாபத்துக்கு அவரவர் கணக்கில் வரி.

அம்மாவுக்கு 72 வயது. வீடு அவர் பெயரில். உயில் என்றால் பிற்பாடு மனசு மாறி வேறு மாதிரி எழுதிவிடுவாரோ என்று பயம். செட்டில்மென்ட்டாக எழுதி வாங்கிவிடலாமா? எதில் செலவு குறைவு?

இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. எழுதுவது எப்போதும் பிள்ளைதான், வீட்டுக்காரரான அம்மா இல்லை.

நீங்கள் பயப்படும் அதே விஷயம்தான் உங்கள் அம்மாவுக்குப் பாதுகாப்பு. உயிலை அவர் கடைசி மூச்சு வரை மாற்றலாம், கிழித்துப் போடலாம். வீடு அவர் வீடாகவே இருக்கும். செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது, பதிவான அன்றே வீடு உங்களுடையது. பிறகு அவர் நினைத்தாலும் தானாக ரத்து செய்ய முடியாது. நீங்கள் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு உங்கள் கடனுக்காக வங்கி அந்த வீட்டை ஜப்தி செய்தால், 72 வயதில் அவர் எங்கே போவார்?

மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ல் இருக்கிறதே என்பார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அங்கே, பராமரிப்பதாக மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதி இருந்தது. "அன்பின் காரணமாக" என்று மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு போராடுவது கடினம்.

அம்மாவே விரும்பிக் கொடுப்பதாக இருந்தால் பத்திரத்தில் மூன்று வாசகங்கள் வேண்டும். ஆயுள் உள்ளவரை அவர் அந்த வீட்டில் குடியிருப்பார். வாடகை வந்தால் அவருக்கே. சாப்பாடும் மருத்துவமும் உங்கள் பொறுப்பு, தவறினால் பத்திரம் ரத்து. எழுதுகிற வக்கீல் அம்மா தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும், நீங்கள் கூட்டிப் போகிறவராக இருக்கக் கூடாது.

செலவு? குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் கட்டணத்துக்கு உச்ச வரம்பு உண்டு. உயில் அதைவிடவும் மலிவு. உயிலே எழுதட்டும்.

வங்கிக் கணக்குக்கு இப்போது நான்கு நாமினி போடலாமாமே. அப்படியானால் உயில் எதற்கு?

2025 நவம்பர் 1 முதல் போடலாம், டெபாசிட்டில் சதவீதம் பிரித்தும் கொடுக்கலாம். லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவராகத்தான். ஆனால் நாமினி வாரிசு அல்ல. வங்கியிடமிருந்து பணத்தை வாங்குகிறவர், அவ்வளவுதான். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம், 2015 திருத்தத்துக்குப் பிறகு. மற்றதற்கெல்லாம் உயில் வேண்டும். உயிலில் ஒரு பெயர், வங்கியில் வேறு பெயர் என்று விடாதீர்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணவர் ஜனவரியில் தவறிவிட்டார். அவருக்கு ரிட்டர்ன் போட வேண்டுமா?

வேண்டும் அம்மா. ஏப்ரல் 1 முதல் அவர் மறைந்த நாள் வரையிலான வருமானத்துக்கு அவர் பான் எண்ணிலேயே போட வேண்டும். வருமான வரி இணையதளத்தில் சட்டப்பூர்வ வாரிசாக முதலில் பதிந்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இருவர் பான் அட்டை தேவைப்படும். டிடிஎஸ் கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பக் கிடைக்கும், விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிந்தைய வட்டி, வாடகை வாரிசுகளின் வருமானம். வங்கியில் நீங்கள் நாமினியாக இருந்தாலும் மற்ற வாரிசுகளுக்கும் பங்கு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. 2025-26 வருமானத்துக்கு எது?

பழையதுதான். 2026 ஏப்ரல் 1 முதல் சம்பாதிப்பதற்குத்தான் புதிய சட்டம். அதில் முந்தைய ஆண்டு (சம்பாதித்த ஆண்டு), மதிப்பீட்டு ஆண்டு (அதற்கு வரி கணக்கிடும் அடுத்த ஆண்டு) என்ற இரட்டைக் கணக்கு இல்லை, "வரி ஆண்டு" ஒன்றுதான்.

வாரிசு வரி இருக்கிறதா?

இல்லை. இறந்தவர் சொத்துக்குப் போட்டுவந்த எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போய்விட்டது.