ஸ்பீக்கர் கேபிளுக்கு எர்த் தேவையா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஆம்ப்ளிஃபையர், டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்), ஆஸ்ட்ரோ டிஷ் டிவி டெக்கோடர், ஆறு மீட்டர் தள்ளி இரண்டு ஸ்பீக்கர்கள். பாட்டு நின்றதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். எர்த் வயரோடு வரும் ஸ்பீக்கர் கேபிள் போட்டால் போய்விடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம். அந்த உறுமல் ஸ்பீக்கர் கேபிளில் பிறப்பதில்லை.

எர்த் கேபிள் என்பது வழக்கமான இரண்டு கம்பிகளைச் சுற்றி ஒரு செம்பு வலை, அந்த வலையிலிருந்து மூன்றாவதாக ஒரு மெல்லிய வயர், அவ்வளவுதான். டர்ன்டேபிளின் ஊசி தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதில் கலக்கும் துளி இரைச்சலையும் ஆம்ப்ளிஃபையர் சேர்த்தே பெருக்குகிறது. ஸ்பீக்கர் கேபிளில் ஓடுவதோ பல வோல்ட்; அதற்கப்பால் பெருக்க எதுவும் இல்லை. போதாததற்கு, 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மெல்லிய செம்பு வலை தடுக்காது. அதற்கு இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிடுவதே மேல்.

மூன்றாவது வயரை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதிலும் ஆபத்து உண்டு. வலையின் ஒரு முனை ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் இருக்க, அந்த வயரைத் தனி பிளக்கு வைத்துச் சுவர் எர்த்தில் மாட்டினால், ஏற்கெனவே எர்த் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டாவது எர்த் பாதை உருவாகும். உறுமல் கூடவே செய்யலாம். ஸ்பீக்கரின் கறுப்பு முனையோடு சேர்த்தால் இன்னும் மோசம். கிளாஸ் டி என்ற புதிய வகை ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் சிவப்பு, கறுப்பு இரண்டு முனைகளிலுமே சிக்னல் இருக்கும். கறுப்பை எர்த்தில் தொடவிட்டால் வெளியீட்டுப் பகுதி கருகிவிடலாம்.

இனி உங்கள் உறுமலுக்கு வருவோம். வால்யூமை முழுக்கக் குறைத்து ஸ்பீக்கரிடம் காதை வையுங்கள். அப்போதும் அதே அளவு கேட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபையரின் பவர் பகுதியில். பழைய கெப்பாசிட்டர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்யூமோடு சேர்ந்து ஏறினால் அது வெளியிலிருந்து வருகிறது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, டெக்கோடரின் பின்னால் திருகியிருக்கும் டிஷ் கேபிளைக் கழற்றி, ஆம்ப்ளிஃபையரை மட்டும் மறுபடி ஆன் செய்து கேளுங்கள். உறுமல் நின்றதா? அடுக்குமாடிகளில் அந்தக் கேபிள் வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருக்கும். உங்கள் சுவர் எர்த்தும் அதுவும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது, குற்றவாளி அதுதான்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று. எர்த் தொடர்பைத் துண்டிக்க டிஷ் லைனில் ஐசொலேட்டர் என்ற தடுப்பைப் போடச் சொல்வார்கள். டிஷ்ஷின் தலைக்குப் போகும் மின்சாரமும் அதே கேபிளில்தான் ஓடுகிறது; அதை மறிக்கும் ஐசொலேட்டரைப் போட்டால் படமே வராமல் போகலாம். டெக்கோடரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் ஓர் ஆப்டிகல் கேபிள் போதும். ஒளிதான் போகிறது, மின்தொடர்பே இல்லை. இல்லையென்றால், சிவப்பு வெள்ளை ஆடியோ வயரின் நடுவே, நேரடி மின்தொடர்பின்றி ஒலியை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டுங்கள். புடு ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

டிஷ் கேபிளைக் கழற்றியும் மாறவில்லை, டர்ன்டேபிளுக்குத் திருப்பினால் மட்டும் கேட்கிறது என்றால், அதன் மெல்லிய எர்த் வயரைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ஜிஎன்டி (GND, எர்த்) என்று எழுதிய திருகில் தளர்ந்தோ பச்சை பிடித்தோ இருக்கும். சுரண்டி இறுக்குங்கள். டர்ன்டேபிள் ஆம்ப்ளிஃபையரை ஒட்டி இருந்தால் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பிளக்கின் எர்த் முனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் துண்டிக்காதீர்கள். உயிர் போகும் விஷயம். பெட்டியைத் தொட்டால் ‘சுர்ர்’ என்றால், பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள்.

செம்பு வலையால் பலன் கிடைக்கும் இடம் அரிது. பக்கத்தில் வலுவான ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இருந்து, அதன் குரலே ஸ்பீக்கரில் கேட்டால் யோசிக்கலாம். அப்போதும் முதலில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஃபெரைட் கிளிப் (ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) போட்டு, வயரை அதில் மூன்று சுற்று சுற்றிப் பாருங்கள்.

உங்கள் ஆறு மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு வயர் தாராளம். போக வர 12 மீட்டருக்கும் மின்தடை சுமார் 0.08 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவிகிதம். செம்பு பூசிய அலுமினியத்தை வாங்காதீர்கள். முனையில் ஒரு சென்டிமீட்டர் உரித்து, இறுக்க முறுக்கி, ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடாமல் மாட்டுங்கள். நம் ஊர் ஈரத்தில் செம்பு கறுத்துவிடும். கறுத்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள்.